தூதரா போற நம்ம ஊர்ப் பிள்ளைக்கு ஒரு படக் கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டின்னு நம்ம ராமநாதபுரம் மாவட்டக் கரையில யாராவது வெளியுறவுப் பணிக்குத் தேர்வானாலோ, நமக்குத் தெரிஞ்ச ஒரு ஆபீஸர் எங்கயாவது தூதரா நியமனம் ஆனாலோ, முன்னாடியெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கறதோட முடிஞ்சிரும். இப்ப கையால வரைஞ்ச வாழ்த்துக் கார்டு வேணும்னு கேட்டு வர்றாங்க, பள்ளிக்கூடத்துல இருந்து வர்றாங்க, ஜமாத்துல இருந்து வர்றாங்க, மீனவர் சங்கத்துல இருந்து வர்றாங்க. நான் கார்டு வரைஞ்சு குடுக்கறவ, பிள்ளைகளுக்கு டிராயிங்கும் சொல்லித் தர்றேன். வர்றவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளத்தான் கேக்கறாங்க, அதனால பதில எல்லாம் இங்க மொத்தமா எழுதி வைக்கறேன். என் கருத்து முதல்லயே சொல்லிடறேன்: பதவிய வரையாதீங்க, ஊர வரைங்க. பதவிக்கு அவங்களுக்கு அரசாங்கமே பேப்பர் குடுக்கும், ஊர நாமதான் குடுக்கணும்.

ரிசல்ட் வந்த அன்னைக்கே கார்டு ஆரம்பிச்சிரலாமா?

படம் ஆரம்பிக்கலாம், எழுத்த மட்டும் நிறுத்தி வைங்க. யூபிஎஸ்சி சிவில் சர்வீஸ் ஃபைனல் லிஸ்ட்டுல பேர் வந்தா தேர்வு ஆயிட்டாங்கன்னுதான் அர்த்தம், எந்த சர்வீஸ்ங்கறது அதுக்கப்புறம் ரேங்க்கையும் அவங்க குடுத்த விருப்பத்தையும் பார்த்து தனியா ஒதுக்குவாங்க. அது வர்றதுக்கு முன்னாடி "ஐஎஃப்எஸ் ஆன எங்கள் மகளுக்கு"ன்னு அச்சடிச்சிட்டு, அப்புறம் வேற சர்வீஸ் கிடைச்சா அந்தப் பிள்ளைக்குத்தான் சங்கடம்.

இன்னொன்னு, ஐஎஃப்எஸ்னு ரெண்டு இருக்கு. வெளியுறவுப் பணி ஒன்னு, வனப் பணி ஒன்னு, ரெண்டுக்கும் சுருக்கப் பேர் அதேதான். யானையும் காடும் வரையணுமா கடலும் கப்பலும் வரையணுமான்னு குழம்பாம இருக்க, வீட்டுல ஒரு வார்த்த கேட்டுக்கங்க.

சீனியர் ஆபீஸர் தூதரா போறாங்கன்னா கதை வேற. எந்த நாட்டுக்கு அனுப்பறாங்களோ அந்த நாடு முதல்ல சம்மதம் சொல்லணும், நாடுகளுக்கு நடுவுல தூதர் உறவு பத்தின 1961 வியன்னா உடன்படிக்கையில 4-வது பிரிவு அதத்தான் சொல்லுது, சம்மதிக்க முடியாதுன்னா காரணம் கூட சொல்ல வேணாம். அதனால வெளியுறவு அமைச்சகம் அறிவிப்பு போடற வரைக்கும் வாட்ஸ்அப்ல வர்ற செய்திய நம்பி கார்டு அனுப்பாதீங்க. அறிவிப்பு வந்ததும் அனுப்புங்க, ஏன்னா அதுக்கப்புறம் கிளம்பற அவசரம் வந்துரும்.

கார்டு மேல பதவிய எப்படிப் போடறது?

அமைச்சகத்தோட அறிவிப்புல எப்படி இருக்கோ அப்படியே. காமன்வெல்த் நாடுகளுக்குப் போனா ஹைகமிஷனர், அதாவது கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் எல்லாம். அபுதாபி, ரியாத், தோஹா மாதிரி மத்த நாட்டுத் தலைநகர்னா தூதர். துபாய், ஜெத்தா, யாழ்ப்பாணம்னா அங்க இருக்கறது துணைத் தூதரகம், அதோட தலைவர் கன்சல் ஜெனரல். புதுசா சேர்ந்த பிள்ளைங்க மூன்றாம் செயலாளரா ஆரம்பிச்சு, ரெண்டாம் செயலாளர், முதல் செயலாளர், கவுன்சிலர்னு படிப்படியா போவாங்க, அவங்கள நாமளே "தூதர்"னு போட்டா கூட வேலை பாக்கறவங்க முன்னாடி அவங்களுக்குக் கூச்சமா இருக்கும். தூதருக்கு "மேதகு" போடலாம், "மாண்புமிகு" அமைச்சர்களுக்குப் போடறது. இளம் ஆபீஸருக்கு வெறும் பேர் போதும், அதுதான் அழகும்.

சரி, என்ன படம் வரையறது? எல்லாரும் பூகோள உருண்டை, புறா, கை குலுக்கறது இதத்தான் போடறாங்க.

அது மூணையும் விட்ருங்க. அது எந்த ஊர்ல இருந்தும் வரலாம், உங்க ஊர்ல இருந்து வந்த மாதிரி இருக்காது. நான் கார்டு கேட்டு வர்றவங்க கிட்ட முதல்ல கேக்கறதே, அந்தப் பிள்ளை வளர்ந்த வீட்டுல இருந்து கடல் எந்தப் பக்கம்னுதான். ஏன்னா நமக்கு ஒரு கடல் இல்ல, ரெண்டு கடல். வடக்க பாக் நீரிணை, தெக்க மன்னார் வளைகுடா. தனுஷ்கோடி பக்கம் பெண் கடல், ஆண் கடல்னு சொல்வாங்க. வடகடல் பெரும்பாலும் அடங்கிக் கெடக்கும், கலங்குன பச்சை. தென்கடலுக்கு அலையும் உண்டு, நீலமும் உண்டு. வாடைக் காத்து அடிக்கிற மாசத்துல இது தலைகீழா மாறும். தேவிபட்டினத்துப் பிள்ளைக்கு நீலமா அலை அடிக்கற கடல வரைஞ்சு குடுத்தா நல்லா இருக்குன்னு வாங்கிக்குவாங்க, ஆனா அது அவங்க கடல் இல்லன்னு அவங்களுக்குத் தெரியும்.

அடுத்து மரம். நம்ம மாவட்டம்னா பனை. ஆனா பிள்ளைங்க கையில பென்சில் குடுத்தா தென்னைதான் வருது. தென்னைக்கு மட்டை நீளமா வளைஞ்சு தொங்கும், பனைக்கு ஓலை விசிறி மாதிரி விரிஞ்சு தலை உருண்டையா நிக்கும், அடிமரம் கருத்து நேரா போகும், காய்ஞ்ச ஓலை கழுத்துக்குக் கீழ தொங்கும், அத வெட்டி அழகுபடுத்தாதீங்க. கரையோரம் உடைமரம் ஒன்னு ரெண்டு காத்துக்குச் சாய்ஞ்ச மாதிரி வச்சா இடம் இன்னும் தெளிவா வந்துரும்.

படகுல என்ன படகுன்னு முடிவு பண்ணிக்கங்க, விசைப்படகா, நாட்டுப்படகா, வள்ளமா, வத்தையா. கேரளத்து ஓடத்த நெட்ல பார்த்து வரைஞ்சிட்டு வராதீங்க, இங்க இருக்கறவங்க முதல் பார்வையிலயே கண்டுபிடிச்சிருவாங்க. படகு மேல நிஜமான நம்பர் எழுத வேணாம், அது யாரோட படகோ.

எனக்கு ரொம்பப் பிடிச்ச படம் ஒன்னு சொல்றேன். கடல்பாசி எடுக்கப் போற அக்காமாரு. சேலைக்கு மேல ஆம்பளச் சட்டை போட்டு, கண்ணுல கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காம இருக்க காலடியில தகடு கட்டி, விரல்ல துணி சுத்தி, மூச்சப் பிடிச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள போறவங்க. பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் இத எல்லாரும் தினம் பாக்கறோம், ஆனா ஒரு கார்டுலயும் வர்றதில்ல. பாசி எடுக்கற ஒரு அம்மாவோட பிள்ளை அயல்நாட்டுக்கு ஆபீஸரா போனா, அந்த மேஜையில இந்தப் படம் இருக்கணும்னு நான் ரொம்ப ஆசப்படறேன். சம்மதம் கேட்டு வரைங்க, அது முக்கியம்.

சின்னச் சின்ன அலங்காரத்துக்கு பஞ்சமே இல்ல. கீழக்கரைக்கு சங்கு, வாலிநோக்கம் பக்கம்னா உப்பளம், தனுஷ்கோடிக்கு குளிர்காலத்துல வர்ற பூநாரை, மன்னார் வளைகுடாவுக்கு கடல் பசு, ஆமை. உள்ள தள்ளி இருக்கற கிராமம்னா முண்டு மிளகாய் காயப்போட்ட களம், 2023-ல அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது, செவப்பு அள்ளும். எல்லாத்தையும் ஒரே கார்டுல திணிக்காதீங்க, ரெண்டு மூணு போதும்.

பாம்பன் பாலம் போடணும். பழசா புதுசா?

இதுல வீட்டுக்குள்ளயே சண்டை வருது. என் பதில் இதுதான்: அந்தப் பிள்ளை எந்தப் பாலத்துல ரயில் ஏறிப் படிக்கப் போச்சோ அது. 1914-ல திறந்த பழைய பாலத்துல 2022 கடைசியோட ரயில் நின்னுபோச்சு, அதனால இப்ப ஆபீஸரா போற யாருக்கும் சின்ன வயசுப் பாலம் பழசுதான். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல திறந்தாங்க.

வரையும்போது ரெண்டையும் கலக்காதீங்க. பழசுல கப்பல் போக நடுப்பகுதி ரெண்டா பிரிஞ்சு ரெண்டு பக்கமும் மேல தூக்கும். புதுசுல 72.5 மீட்டர் நீளத்துக்கு நடுத்துண்டு அப்படியே படுத்த மாதிரி ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல நேரா மேல ஏறும். பழைய பாலம்னு பேர் போட்டு புதுப் பாலத்து கோபுரம் வரைஞ்ச கார்டு நிறைய பார்த்துட்டேன். பக்கத்துல உயரமா வளைஞ்சு போறது 1988-ல திறந்த ரோட்டுப் பாலம், ரயில்ல போற பார்வையில வரைஞ்சா அதுவும் பின்னாடி தெரியும்.

சிங்க முத்திரை, தேசியக் கொடி, இந்தியா மேப் போடலாமா?

சிங்க முத்திரை கூடவே கூடாது. 2005-ல வந்த அரசுச் சின்னச் சட்டப்படி அனுமதி இல்லாம பயன்படுத்தறது குற்றம், அத மாதிரி தெரியற படமும் கூடாது, ரெண்டு வருஷம் வரைக்கும் சிறைன்னு சட்டத்துல இருக்கு. கார்டுக்குக் கம்பீரம் வரும்னு நினைச்சு நிறைய பேரு முதல்ல கேக்கறது இதத்தான், நான் வரைஞ்சு குடுக்கறதில்ல.

கொடி வரையணும்னா ஒழுங்கா வரைங்க. நீளம் மூணு பங்குன்னா உயரம் ரெண்டு பங்கு, காவி மேல, நடுவுல கடல் நீலச் சக்கரம், 24 ஆரம். கொடி மேல எழுத்து எதுவும் எழுதக் கூடாது, "வாழ்த்துகள்"னு கூட. சின்னப் பிள்ளைங்க வரையற கார்டுல ஆரத்த எண்ணிப் பாக்கச் சொல்லுங்க, அவங்களுக்கும் ஒரு பாடமா இருக்கும்.

மேப் வேணாம்னுதான் சொல்வேன். சர்வே ஆஃப் இந்தியா மேப்போட ஒத்துப் போகாத மேப்ப வெளியிடறது சட்டப்படி தப்பு, நாம கையால வரையும்போது எல்லை எங்கயாவது கோணிரும். மத்தவங்களுக்கு அது சின்ன விஷயம், தூதரா போறவங்களுக்கு இல்ல. அதே காரணத்துக்காகத்தான் கச்சத்தீவும் கடல் எல்லைக் கோடும் வேணாம்னு சொல்றேன். 1974 ஒப்பந்தத்தப் பத்தி நமக்கு வலி இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அது வரைஞ்ச கார்ட அவங்களால மேஜையில வெளிய வைக்க முடியாது, டிராயருக்குள்ளதான் போகும்.

நம்ம பக்கத்து வரலாற்றுல தூது சம்பந்தமா ஏதாவது இருக்கா, அத வரையலாமா?

இருக்கு, அதுவும் ஏற்கனவே வரைஞ்சே இருக்கு. ராமநாதபுரம் அரண்மனையில ராமலிங்க விலாசம் போய்ப் பாருங்க. 18-ம் நூற்றாண்டு சுவர் ஓவியங்கள், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தோடது, அதுல சேதுபதி தொப்பி போட்ட ஐரோப்பியர்களச் சந்திக்கற காட்சி ஒன்னு இருக்கு. வேத்து நாட்டு ஆளுங்க வந்து நம்ம ராஜாவப் பாக்கற காட்சி நம்ம ஊர்ச் சுவர்லயே இருக்கும்போது ராஜதந்திரின்னா கோட்டு சூட்டுன்னு எதுக்கு நெட்ல தேடணும்? அந்த பாணிய எடுத்துக்கங்க, பக்கவாட்டு முகம், கருங்கோடு, செங்காவி, மஞ்சள். அப்படியே காப்பி பண்ணாம அந்த பாணியில உங்க பிள்ளைய உக்கார வச்சு வரைஞ்சா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. உள்ள போட்டோ எடுக்கலாமான்னு மட்டும் வாசல்ல கேட்டுக்கங்க, பெரும்பாலும் நான் உக்காந்து பென்சில்லதான் குறிச்சிக்குவேன், கை நல்லா பழகும்.

இன்னொன்னு பாம்பன்ல நடந்தது. 1897 ஜனவரி 26 அன்னைக்கு சுவாமி விவேகானந்தர் கொழும்புல இருந்து பாம்பன் வந்து இறங்கினப்ப பாஸ்கர சேதுபதி நேர்ல போய் வரவேற்றாரு, வரவேற்புப் பத்திரம் வாசிச்சாங்க. வெளிநாட்டுல பேர் வாங்கிட்டு வந்தவரக் கரையில நின்னு வாழ்த்துன பழக்கம் நமக்கு அப்பவே இருந்திருக்கு. இப்ப நாம போறவங்கள வாழ்த்தறோம்.

கலாம் ஐயா படம் போடலாமா?

எல்லாக் கார்டுலயும் கேக்கறாங்க, பாசம் புரியுது. ஆனா இது அந்தப் பிள்ளையோட கார்டு, பெரிய முகமா கலாம் ஐயா வந்தா கார்டு அவரப் பத்தி ஆயிரும். போடணும்னா ஓரமா சின்னதா போடுங்க, ஒரு காரணமும் இருக்கு: 2002-ல இருந்து 2007 வரை அவர் ஜனாதிபதியா இருந்தப்ப டெல்லிக்கு வந்த வெளிநாட்டுத் தூதர்கள் தங்களோட நியமனப் பத்திரத்த குடுத்தது ராமேஸ்வரத்துக்காரர் கையிலதான். இத உள்பக்கத்துல ஒரு வரியா எழுதினா படத்த விட நல்லா இருக்கும்.

கோயில், தர்கா, சர்ச்?

குடும்பம் கேட்டா அவங்க கும்பிடற இடத்த போடுங்க. ஊர் சேர்ந்து குடுக்கற கார்டுன்னா ராமேஸ்வரம் பிரகாரம், ஏர்வாடி தர்கா, ஓரியூர் சர்ச் மூணையும் வரிசையா நிறுத்தற அந்தப் பழைய போஸ்டர் டிசைன் எனக்கு அவ்வளவாப் பிடிக்கறதில்ல, அதுக்குப் பதிலா ஒரே தெருவ வரைங்க, தெருவுல யார் யார் இருக்காங்களோ அவங்க தானா வந்துருவாங்க.

பெண் ஆபீஸர்னா டிசைன் மாத்தணுமா?

பிங்க் கலரும் ரோஜாப்பூவும் வேணாம். சி.பி. முத்தம்மா 1949-ல வெளியுறவுப் பணியில சேர்ந்த முதல் பெண். பொம்பளைங்கறதுக்காகவே பதவி உயர்வு மறுக்கறாங்கன்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, கல்யாணம் பண்ண அனுமதி வாங்கணும்ங்கற மாதிரி விதியெல்லாம் அப்ப இருந்துச்சு, 1979-ல வந்த தீர்ப்பு அந்த விதிகளக் கண்டிச்சது. அந்த வழியில போறவங்களுக்கு நாம பொம்மை கார்டு குடுக்கறது நியாயமில்ல. அவங்க பேசற மாதிரி, ஃபைல் பாக்கற மாதிரி, துறைமுகத்துல நிக்கற மாதிரி, வேலை செய்யற உருவமா வரைங்க. பழைய காட்சி ஏதாவது வேணும்னா, அதியமானுக்காக தொண்டைமான் கிட்ட தூது போன அவ்வையார வரைங்க. கம்போட நிக்கற கிழவியாத்தான் வரையணும்னு இல்ல, அரசவையில நிமிர்ந்து நின்னு பேசறவங்களா வரைங்க.

போற நாட்டையும் படத்துல காட்டலாமா?

கொஞ்சமா, தெரிஞ்ச அளவுக்கு. கொடி வேணாம்னு சொல்வேன், அடுத்தவங்க கொடியில ஒரு கோடு தப்பினாலும் மரியாதை இல்ல. சவூதி கொடியில கலிமா இருக்கு, அத கார்டுல அச்சடிச்சு அது எங்கயோ கீழ விழுந்து மிதிபடக் கூடாதுன்னு கீழக்கரை லாத்தாமாருக்கு, அதாவது முஸ்லிம் அக்காமாருக்கு, நான் சொல்லணும்னு இல்ல. இலங்கைக்குப் போறவங்களுக்குன்னா புத்தர் உருவத்த அலங்காரமா பயன்படுத்தாதீங்க, அங்க அத ரொம்பப் புனிதமா பாக்கறாங்க. ராவணன், பாலம், குரங்குப் படை எல்லாம் நமக்குக் கதை, கொழும்புல உக்காரப் போறவங்களுக்கு அது சிக்கல். பூ, பறவை, மீன், கடல் இதுக்கெல்லாம் எல்லை கிடையாது, பாக் நீரிணையில இந்தப் பக்கம் இருக்கற மீன்தான் அந்தப் பக்கமும்.

ஆபீஸருங்க எல்லாரும் கட்டாயமா ஒரு அயல் மொழி படிக்கணும், அரபி, சீனம், ரஷ்யன், ஸ்பானிஷ்னு ஏதாவது ஒன்னு ஒதுக்குவாங்க. அந்த மொழியில "வாழ்த்துகள்"னு ஒரு வார்த்தை போட்டா சந்தோஷப்படுவாங்க, ஆனா மொழி தெரிஞ்ச ஆள் கிட்ட காட்டிட்டுப் போடுங்க. அரபிக்கு நம்ம கரையில ஆளுக்குக் குறையே இல்ல.

உள்ள என்ன எழுதறது? குறள் போடணும்னு எல்லாரும் சொல்றாங்க.

போடுங்க, 69-வது அதிகாரமே தூதுதான், 681-ல இருந்து 690 வரை. ஆனா எந்தக் குறள்னு பார்த்துப் போடுங்க. 690 பலபேர் எடுக்கறாங்க, அது உயிருக்கு ஆபத்து வந்தாலும் ராஜாவுக்கு நன்மை செய்யறதப் பத்திப் பேசறது, பெத்தவங்க படிக்கப் போற வாழ்த்துக் கார்டுக்கு அது வேணாம். 685 நல்லாப் பொருந்தும், சொல்ல வேண்டியதத் தொகுத்துச் சொல்லி, கடுஞ்சொல்ல நீக்கி, கேக்கறவங்க மனசு மலரச் சொல்றதப் பத்தினது.

குறளுக்குக் கீழ ஒரு பெரிய கவிதை வேணாம். ரெண்டு வரி போதும், பேசற மாதிரி. "ஒங்க அம்மா கரையில நிக்கறாங்க, நாங்களும் கூட நிக்கறோம், நல்லாப் போயிட்டு வா தாயி"ன்னு ஒரு பாட்டி சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அதுக்கு மேல என்ன எழுத இருக்கு. அடுக்குமொழி வந்தாலே மேடைப் பேச்சு ஆயிருது.

எங்க மீனவர் பிரச்சனைய, வளைகுடாவுல மாட்டிக்கிட்டவங்க பிரச்சனைய அதுல எழுதலாமா? இனிமே இப்படி ஒரு வாய்ப்பு எப்ப வரும்?

இந்தக் கேள்விய கேக்கறவங்க கண்ணப் பார்த்தா மனசு கனத்துப் போயிரும். இந்தக் கரைக்குத் தூதரகம்னா என்னன்னு நல்லாவே தெரியும். படகப் பிடிச்சுட்டுப் போனா யாழ்ப்பாணத்துல இருக்கற நம்ம துணைத் தூதரகத்துல இருந்து ஆள் போய் சிறையில பாக்கறாங்களான்னு இங்க வீட்டுல காத்துக் கெடப்பாங்க. அந்தத் துணைத் தூதரகம் 2010-ல திறந்தது. கைதானவங்கள அவங்க நாட்டுத் தூதரக ஆளுங்க போய்ப் பாக்கற உரிமை துணைத் தூதரகங்களப் பத்தின 1963 வியன்னா உடன்படிக்கையில 36-வது பிரிவுல இருக்கு. வளைகுடாவுல ஒருத்தர் தவறிட்டா உடல ஊருக்குக் கொண்டு வர்ற பேப்பர் வேலையும் தூதரகம்தான். அதனால நம்ம பக்கத்துப் பிள்ளை அந்த வேலைக்குப் போகுதுன்னா கேக்கணும்னு தோணத்தான் செய்யும், அது தப்பே இல்ல.

ஆனா கார்டுல எழுதாதீங்க. மனு வேற, வாழ்த்து வேற. கார்டுல எழுதின கோரிக்கைக்கு நம்பர் விழாது, ஃபைல் ஓடாது, பதில் சொல்லவும் முடியாது, புதுசா சேர்ந்த பிள்ளைக்கு அந்தப் பிரச்சனை மேல அதிகாரமே இருக்காது, அப்புறம் கார்டப் பாக்கும்போதெல்லாம் செய்ய முடியலயேன்னு ஒரு குத்தம் மட்டும் நெஞ்சுல நிக்கும். மனுவ மனுவா குடுங்க. வெளிநாட்டுல இருக்கறவங்க பிரச்சனைக்கு வெளியுறவு அமைச்சகத்தோட "மதத்" (MADAD)ங்கற புகார் போர்ட்டல் 2015-ல இருந்து இருக்கு, அதுல பதிஞ்சா நம்பர் வரும், எங்க நிக்குதுன்னு பாக்கலாம். மீனவர் கைதுன்னா மீன்வளத் துறை, கலெக்டர் ஆபீஸ் வழியா எழுதுங்க, நகல் கையில வைங்க.

கார்டுல நம்ம வாழ்க்கைய வரையலாம், அது வேற. காத்துக்கிட்டு நிக்கற ஒரு அம்மாவ வரைங்க, வலை பின்னற தாத்தாவ வரைங்க. எதுவும் கேக்காம இருந்தாலே அவங்களுக்குப் புரியும், அவங்களும் இங்க வளர்ந்தவங்கதான்.

பேப்பர், கலர் எது நல்லது?

வாட்டர்கலர்னா 300 ஜிஎஸ்எம் பேப்பர், அதுக்குக் கம்மின்னா தண்ணி பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும். ஏ4 தாள பாதியா மடிச்சா ஏ5 கார்டு, சரியான அளவு, கவரும் கடையிலயே கிடைக்கும். மடிக்கற எடத்துல மை தீர்ந்த பேனாவால ஸ்கேல் வச்சு ஒரு கோடு அழுத்திட்டு மடிங்க, இல்லன்னா கெட்டித் தாள் வெடிச்சு நிக்கும்.

நம்ம பெரிய எதிரி உப்புக் காத்து. மதியத்துக்கு மேல கடல்காத்து ஏற ஏற பேப்பர் ஈரத்த இழுத்துக்கும், கலர் காஞ்ச மாதிரி இருக்கும் காஞ்சிருக்காது, அப்படியே கவருக்குள்ள போட்டா ஒட்டிக்கும், அப்புறம் பூஞ்சையும் வரும். காலையில வரைங்க, ஒரு ராத்திரி முழுக்க ஃபேன்ல காய விடுங்க, ரெண்டு நோட்டுக்கு நடுவுல வச்சு மேல கனமா எதையாவது வைங்க. ஈரம் இருக்கும்போது லேமினேஷன் பண்ணவே கூடாது. கோடு போடற பேனா வாட்டர்ப்ரூஃபான்னு பார்த்துக்கங்க.

பிரிண்ட் போடணும், ஆனா தமிழ் எழுத்து உடையுது, கடலும் மங்கிப் போகுது.

ரெண்டுக்கும் காரணம் உண்டு. ஸ்க்ரீன்ல தெரியற பளிச்சுன்னு இருக்கற பச்சை நீலம் அச்சு மையில வராது, மெஷின் நாலு மைய வச்சுத்தான் எல்லாத்தையும் காட்டணும், அதனால முதல்லயே ஃபைல சிஎம்ஒய்கேவுக்கு மாத்திப் பார்த்துட்டு கொஞ்சம் தெளிவா ஏத்திக்கங்க. ஸ்கேன் 300 டிபிஐ, ஓரத்துல சுத்தி 3 மில்லிமீட்டர் கூடுதலா விடுங்க.

எழுத்து உடையறது, அதாவது கொம்பும் காலும் இடம் மாறி நிக்கறது, சாஃப்ட்வேர்ல இந்திய மொழிக்கான டெக்ஸ்ட் செட்டிங் போடாததால வரும். ஃபோட்டோஷாப்ல ப்ரெஃபரன்ஸ் போய் டைப்ல அத மாத்தி வைங்க. யூனிகோட் எழுத்துரு பயன்படுத்துங்க, நோட்டோ தமிழ், முக்தா மலர், கேட்டமரன், மீரா இனிமை எல்லாம் இலவசம். பிரஸ்ஸுக்கு பிடிஎஃப்பா குடுக்கும்போது எழுத்த அவுட்லைனா மாத்திக் குடுத்தா அவங்க கம்ப்யூட்டர்ல அந்த ஃபாண்ட் இல்லன்னாலும் பிரச்சனை இல்ல. ஒரு காப்பி அடிச்சுப் பார்த்து, பேர் எழுத்துப்பிழை இல்லாம இருக்கான்னு வீட்டு ஆள் ஒருத்தர படிக்கச் சொல்லுங்க.

உண்மையச் சொல்லணும்னா ஒருத்தருக்குக் குடுக்கற கார்டுக்கு பிரிண்டே தேவையில்ல, கையால எழுதுங்க.

பனை ஓலையில பண்ண முடியுமா?

முடியும், நம்ம மாவட்டத்துக்கு அத விடப் பொருத்தமானது எது? குருத்து ஓலைய வெட்டி நிழல்ல காய வச்சு, வேக வச்சு, மறுபடி காய வச்சு, வழவழப்பா தேய்ச்சு எடுக்கணும். எழுத்தாணியால கீறிட்டு விளக்குக் கரிய எண்ணெய்ல குழைச்சுத் தடவித் துடைச்சா கீறல்ல மட்டும் கருப்பு நிக்கும். எழுத்தாணி இல்லன்னா கூர் மழுங்கின ஊசி போதும், அழுத்தினா ஓலை நரம்போட கிழியும், அதனால நேர்க்கோட்ட விட வளைஞ்ச கோடு நல்லா வரும். வேலை கூடுதல், அவசரத்துக்கு ஆகாது. இல்லன்னா கார்டு பேப்பர்ல பண்ணிட்டு அத வைக்க ஒரு ஓலைப் பெட்டி முடையச் சொல்லுங்க, அந்த வேலை தெரிஞ்ச அக்காமாரு நம்ம பக்கம் நிறைய இருக்காங்க, அவங்களுக்கும் ஒரு வருமானம்.

கார்டுல சிப்பி, பவளம், கடல் குதிரை ஒட்டலாமா?

பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எதுவும் கூடாது. செத்து ஒதுங்கினதா இருந்தாலும் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது, மன்னார் வளைகுடாவுல 21 தீவச் சுத்தி 1986-ல இருந்து தேசியப் பூங்கா. அது ஒட்டின கார்டோட அந்தப் பிள்ளை ஏர்போர்ட்டுல நின்னா நினைச்சுப் பாருங்க. சிப்பி, சங்குலயும் சில வகைக்குத் தடை இருக்கு, எது எதுன்னு பிரிக்கறது கஷ்டம், அதனால ஒட்டாதீங்க, வரைங்க. மணலும் வேணாம், கொட்டும்.

எப்படி அனுப்பறது? தூதரகப் பையில போட்டு அனுப்பலாம்னு ஒருத்தர் சொன்னாரு.

முடியாது. அந்தப் பையில தூதரக ஆவணமும் அலுவலுக்கான பொருளும் மட்டும்தான் போகலாம்னு 1961 வியன்னா உடன்படிக்கையிலயே 27-வது பிரிவு சொல்லுது. கிளம்பறதுக்கு முன்னாடி ஊருக்கு வருவாங்க, அப்ப கையில குடுக்கறதுதான் உத்தமம். மாலை, மேடை, மைக் எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குப் போனப்புறம் குடுங்க, கூட்டத்துல குடுத்தா பொன்னாடையோட சேர்ந்து எங்கயோ போயிரும். பயிற்சியில டெல்லியில இருந்தா ஸ்பீட் போஸ்ட் போடுங்க, 2025-ல இருந்து ரிஜிஸ்டர் தபாலும் அதோட சேர்ந்துருச்சு. ரெண்டு பக்கமும் கெட்டி அட்டை வச்சு, பிளாஸ்டிக் உறை போட்டு, அதுக்கு மேல கவர்.

கூட தங்கக் காசு, வெள்ளித் தட்டு, கருப்பட்டி எதாவது வைக்கலாமா?

தங்கம் வெள்ளி வேணாம், அரசு ஆபீஸர் பரிசு வாங்கறதுக்கு நடத்தை விதி இருக்கு, அவங்கள சங்கடத்துல விடாதீங்க. கார்டு யாருக்கும் கணக்கு சொல்ல வேண்டாத பொருள். கருப்பட்டி தாராளமா குடுங்க, ஆனா வீட்டுல சாப்பிட. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரி நாட்டுக்குப் போறவங்கன்னா உணவுப் பொருள், ஓலை, மரம் எல்லாத்தையும் ஏர்போர்ட்டுல அறிவிக்கணும், பிரிச்சுப் பார்ப்பாங்க, எடுத்தும் வைப்பாங்க. அதனால ஓலைக் கார்டோ ஓலைப் பெட்டியோ குடுத்தா "இது பனை ஓலை, காய வச்சு வேக வச்சது"ன்னு ஒரு சீட்டு ஆங்கிலத்துல எழுதி உள்ள வைங்க, அறிவிப்புத் தாள்ல எழுதறதுக்கு அவங்களுக்கு உதவும்.